காதில் விழாத சாவு

அன்று அங்கே இருந்தவர்கள்:

இரவீந்திரன், வயது அறுபத்தொன்று. சனிக்கிழமை தன் மகள் யதுர்ஷாவைக் கட்டிக்கொடுக்க இருந்தவர்.

கவிசன், அவருடைய மகன். காப்புறுதி நிறுவனமொன்றில் வேலை. எதற்கும் ஒரு வழி வைத்திருப்பவன்.

ராகவன், மாப்பிள்ளை. கோயம்புத்தூர்க்காரர், மென்பொருள் எழுதுகிறவர்.

நோரா, அந்த இடத்தில் வேலை செய்யும் பெண். மௌனத்தைக் காவல் காப்பது அவள் பொறுப்பு.

அல்பேர்ட் என்ற கிழவர். அவரைத் தவிர, பெயர் தெரியாத ஏழு நோர்வேஜியர்கள்.

சயூரன், அதாவது நான்.

குகதாசன் அங்கே இருக்கவில்லை. அவர் நோர்வேயின் வடகோடி ஊரான ஹம்மர்பெஸ்டில், மருத்துவமனையின் குளிரறையில், பன்னிரண்டாவது நாளாகப் படுத்திருந்தார். அவர் இரவீந்திரனுடைய ஒரே தம்பி. தம்பி செத்துப்போனது இரவீந்திரனுக்குத் தெரியும். ஆனால் அவர் அதை இன்னும் கேட்கவில்லை.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பமொன்றில் கூடப்பிறந்தவர் செத்தால் முப்பத்தொரு நாள் துடக்கு, அதாவது தீட்டு. கோயிலுக்குப் போக முடியாது. நல்ல காரியம் செய்ய முடியாது. கலியாணம் அறவே முடியாது. ஆனால் துடக்கு செத்த நேரத்திலிருந்து பிடிப்பதில்லை, செய்தி காதில் விழுந்த நேரத்திலிருந்துதான் பிடிக்கிறது என்று சொல்லிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். கடிதம் கப்பலில் வந்த காலத்துக்காக யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த சலுகையாக இருக்கும். ஆளுக்கு இரண்டு கைபேசி வைத்திருந்த ரொம்மன் என்ற ஒஸ்லோப் பகுதியிலிருந்த இரவீந்திரன் குடும்பம் அந்தச் சலுகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை இரவு வரைக்கும் செய்தி காதில் விழக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் விழலாம். அழுவதற்கும் ஆயத்தமாகத்தான் இருந்தார்கள்.

குகதாசன் நல்ல மனிதர் என்று சொல்ல நான் வரவில்லை. மீன் ஆலையில் இரவு வேலை. மீன் ஓடிவரும் அதே பட்டியில் அவருக்கு எதிரே எட்டு வருடம் நின்று நானும் கொட் மீனின் தலை வெட்டினேன். ஒரே வீட்டில் இரண்டு அறைகளில் இருந்தோம். தொலைக்காட்சியைச் சத்தமாகப் போடுவார். என் பாலைக் குடித்துவிட்டு இல்லையென்பார். போன மாதம் எனக்கு அலுத்துப்போய் நான் வேலையை விட்டேன். அதற்கு முன் பல்கலைக்கழகத்தையும் இப்படித்தான் விட்டேன். குகதாசன் எதையும் விடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை வேலைக்குப் போகவென்று சப்பாத்தைப் போட்டவர் கதிரையிலேயே முடிந்துபோனார். மற்றச் சப்பாத்து கையில் இருந்தது.

மனைவி இல்லை, பிள்ளை இல்லை. பத்து வேலை நாளுக்குள் உடலை எரிக்கவோ புதைக்கவோ வேண்டும். அதற்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். நகரசபைக்காரர், இரவீந்திரன் நிரப்ப வேண்டிய ஒரு தாளை என்னிடம் தந்தார். அதில் இரண்டு கட்டங்கள். மேல் கட்டத்தில் புள்ளடி, அதாவது பெருக்கல் குறி, போட்டால், நெருங்கிய உறவினரான நானே பொறுப்பேற்கிறேன் என்று அர்த்தம். அப்படிப் போட்டவரை அடுத்த நாளே தொலைபேசியில் கூப்பிட்டு, எந்தப் பெட்டி, எந்த நாள், யார் வருவார்கள், யார் பேசுவார்கள் என்று எல்லாம் கேட்பார்கள். கீழ் கட்டத்தில் போட்டால், நான் விலகுகிறேன், இன்னார் செய்யட்டும் என்று அர்த்தம். அங்கே என் பெயரை ஏற்கெனவே எழுதியிருந்தேன். ஆலையில் ஆறு பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒருவருக்குத் தேவாரம் அரைவாசி தெரியும். எனக்கு வேண்டியிருந்தது கீழ் கட்டத்தில் ஒரு புள்ளடியும் ஒரு கையெழுத்தும். இரண்டும் இல்லாவிட்டால் நகரசபை எரிக்கும். அவர்கள் ஒழுங்காகத்தான் செய்வார்கள். குகதாசன் என்ற பெயரை மட்டும் சரியாக உச்சரிக்க ஆள் இருக்காது.

தாளை வாசித்தால் செய்தி தெரிந்துவிடும். வாசிக்காமல் கையெழுத்து வைக்க முடியாது. இதுதான் இரவீந்திரனுடைய பிரச்சினை. நாலு நாள் தொலைபேசி எடுத்தேன். அவர் எடுக்கவில்லை. ஒருமுறை மனைவி கமலாதேவி எடுத்து, "ஹம்மர்பெஸ்டோ? அங்கை சரியான குளிராமே," என்று சொல்லி வைத்துவிட்டார். சாவைச் சொல்வதற்கென்று, இந்த நாட்டு வழக்கப்படி, ஒரு பாதிரியாரை வீட்டுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். கமலாதேவி சங்கிலியைக் கழற்றாமல், தாங்கள் சைவம், வேறு மதம் தேவையில்லை என்று கதவிடுக்கால் சொல்லி அனுப்பிவிட்டார். பாதிரியார் இரண்டாம் முறையும் போனார். அப்போது தட்டில் வடை கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை.

அதனால் செவ்வாய்க்கிழமை காலை விமானம் ஏறினேன். வருகிறேன் என்று கவிசனுக்குக் குறுஞ்செய்தி போட்டேன். ஏன் என்று போடவில்லை. அவனும் கேட்கவில்லை. ஒஸ்லோ மத்திய நிலையத்தில் காரோடு நின்றான். கார் ரொம்மன் பக்கம் திரும்பவில்லை, கடல் பக்கம் போனது.

"அப்பா வீட்டிலை இல்லையோ?"

"அப்பா ஸ்பாவுக்குப் போட்டார் அண்ணா. ராகவன் அண்ணா கூட்டிக்கொண்டு போனவர். அவற்றை வேலையிடத்திலை குடுத்த கிஃப்ட் கார்ட். நாலு பேருக்கு. நாங்களும் நேரா அங்கைதான்."

"எனக்குக் குளிக்க வேண்டாம் கவிசன். ஒரு கையெழுத்துத்தான் வேணும்."

"அதைப் பற்றி இப்ப கதையாதேங்கோ. அம்மா ஸ்பீக்கரிலை நிக்கிறா."

காருக்குள்ளிருந்து கமலாதேவியின் குரல் வந்தது. பின்னால் எண்ணெய் கொதிக்கும் சத்தம். "வணக்கம் தம்பி. பயணம் எல்லாம் சுகமே?"

"ஓம் அக்கா. நான் வந்தது என்னத்துக்கெண்டா..."

"கவி, தம்பிக்கு நல்ல சாப்பாடா வாங்கிக் குடு," என்றார் கமலாதேவி. தொடர்பு அறுந்தது.

"வீட்டை ஏன் கூட்டிக்கொண்டு போறாய் இல்லை?"

"வீட்டிலை பலகாரச் சூடு நடக்குது. சாமியறை திறந்து கிடக்கு. நீங்கள் வாற இடம் அப்பிடி. குறை நினைக்காதேங்கோ. இரவைக்கு ட்வெய்ட்டாவிலை என்ரை சிநேகிதன்ரை சோபா சொல்லி வைச்சிருக்கிறன்."

"நான் எந்த இடத்தாலை வாறன்?"

"ஹம்மர்பெஸ்டாலை."

"ஹம்மர்பெஸ்டிலை என்ன நடந்தது?"

கவிசன் கண்ணாடியைப் பார்த்தான், வீதியைப் பார்த்தான், மறுபடி கண்ணாடியைப் பார்த்தான். "குளிர்," என்றான்.

அந்த இடம் பியோர்ட் என்ற கடற்குடாவின் கரையில் ஒரு பழைய இறங்குதுறையில் இருந்தது. கறுத்த மரமும் கண்ணாடியும். கீழே பாறைக்குள் ஆயிரக்கணக்கான மீட்டர் துளைத்து, அங்கேயிருக்கும் சூட்டை மேலே எடுத்து, கடல் தண்ணீரைக் கொதிக்காத அளவுக்குக் காய்ச்சி, அதற்குள் மனிதரை இறக்குகிறார்கள். சுவரில் எழுதியிருந்தது: பூமி உங்களுக்காகக் காத்திருந்தது. பூமிக்கு வேறு வேலை இல்லை போல. சூடான குளம், குளிர்ந்த கடல், வெக்கை அறை, ஓய்வு. பிறகு மறுபடி முதலிலிருந்து. ஹம்மர்பெஸ்டில் நாங்கள் இதை இரவு வேலை என்று சொன்னோம்.

உள்ளே போகும்போதுதான் கவிசனுடைய திட்டம் விளங்கியது. முழு இடமும் மௌன வலயம். கைபேசியைப் பூட்டி வைக்க வேண்டும். பேசக்கூடாது. கடதாசி கொண்டுபோனால் நனைந்துவிடும். ஆளைக் கூட்டிக்கொண்டுவந்து உபசரித்ததாகவும் இருக்கும், ஆள் வாய் திறக்காததாகவும் இருக்கும். சனிக்கிழமை வரை இப்படி ஒவ்வொரு இடமாகக் காட்டுவான் போல. நாளைக்கு நூலகம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் நான் ஈரத்தில் வேலை செய்தவன். மீன் பெட்டியின் சீட்டு நனையாமல் இருக்க ஆலையில் பிளாஸ்டிக் உறை வைத்திருப்போம். தாள் அதற்குள் இருந்தது. ஈரக் கையாலும் எழுதக்கூடிய பேனாவும் இருந்தது. அவர்கள் தந்த வெள்ளை அங்கியின் பையில் இரண்டையும் போட்டுக்கொண்டேன். கவிசன் பார்த்தான். தடுக்க வாய் திறந்தான். நோரா உதட்டில் விரலை வைத்தாள். அவனுடைய திட்டத்தில் முதலில் அகப்பட்டவன் அவன்தான்.

இரவீந்திரன் வெளிக்குளத்தில் கழுத்தளவு தண்ணீரில் நின்றார். மார்பை இரண்டு கையாலும் மறைத்திருந்தார். பெரிய மனிதர், வெள்ளை மீசை, அஞ்சல் தரம்பிரிக்கும் இடத்தில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்தவர். பக்கத்தில் ராகவன். எனக்கு முன்னமே கவிசனும் இறங்கியிருந்தான். தண்ணீரிலிருந்து ஆவி எழுந்தது. அதற்கப்பால் சாம்பல் நிறக் கடலில் படகொன்று போனது. அதிலிருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். மூன்று தமிழர் வெளியே வெந்நீரில் நிற்க, நாலாவது ஆள் அங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவர்களும் பயணத்தில் ஒன்றைப் பார்த்ததாக இருக்கட்டும்.

நான் இறங்கி அவருக்கு நேரே போனேன்.

"அண்ணை," என்றேன் மெதுவாக. "குகண்ணை..."

இரவீந்திரன் தண்ணீருக்குள் போனார். தலை, மீசை எல்லாம். குமிழிகள் வந்தன. எட்டு வினாடி இருக்கும். மேலே வந்து முகத்தைத் துடைத்தார்.

"போன வெள்ளிக்கு முதல் வெள்ளிக்கிழமை..."

மறுபடி போனார். பன்னிரண்டு வினாடி. கவிசன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். ராகவன் தன் மாமனாரின் உற்சாகத்தைக் கண்டு தானும் ஒருமுறை மூழ்கி எழுந்தார். தூரத்திலிருந்த அல்பேர்ட் பெருவிரலை உயர்த்திப் பாராட்டினார்.

மூன்றாவது தடவை நான் வாயைத் திறக்க முதலே அவர் உள்ளே இருந்தார். இருபது வினாடி. அறுபத்தொரு வயதுக்கு நல்ல மூச்சு. தம்பிக்கு அது இருக்கவில்லை.

நோரா குளத்தின் விளிம்பில் குந்தியிருந்து ஒரு சின்ன மரப்பலகையை என்னிடம் நீட்டினாள். அதில் அமைதி என்று ஒரே ஒரு சொல் இருந்தது. அவள் முகத்தில் கோபம் இல்லை. என்னைப்போல் பலரைப் பார்த்திருப்பாள். அதை வாசித்துவிட்டு நான் தலையாட்டினேன். இரவீந்திரன் மேலே வந்து மூச்சு வாங்கினார். கண்கள் சிவந்திருந்தன. உப்புத் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளலாம்.

பிற்பகல் ஒரு மணிக்கு வெக்கை அறையில் ஒரு சடங்கு என்று பலகையில் எழுதியிருந்தது. ராகவன் அதற்கும் பதிந்திருந்தார். எல்லோரும் போனோம். அறைக்குள் மூன்று படி மர இருக்கைகள், நடுவில் கல் அடுப்பு. தலை வெந்துபோகாமல் இருக்க ஆளுக்கொரு கம்பளித் தொப்பி தந்தார்கள். இரவீந்திரன் தன் தொப்பியைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டார். அது அவருக்குக் கிடைத்த பெரிய வசதி. அவர் முகத்தில் முதல்முறையாக நிம்மதி தெரிந்தது.

நோரா கதவைச் சாத்தினாள். பன்னிரண்டு நிமிடம். தலை சுற்றினால் வெளியே போகலாம், மற்றபடி கடைசி வரை இருப்போம் என்றாள். கல்லில் தைலத் தண்ணீர் ஊற்றினாள். துவாயைச் சுழற்றி வெக்கையை எங்கள் முகத்தில் அடித்தாள். ஒவ்வொரு வீச்சுக்கும் நோர்வேஜியர்கள் நன்றியோடு முனகினார்கள். பிறகு துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னாள்: "இப்போது மௌனத்தைத் திறக்கிறோம். ஒவ்வொருவரும் இங்கே விட்டுவிட்டுப் போக விரும்பும் ஒன்றைச் சொல்லலாம். விரும்பினால் மட்டும்."

கவிசனின் முகம் மாறியது. இந்தச் சடங்கைப் பற்றி அவன் வாசித்திருக்கவில்லை. காப்புறுதிக்காரன் சிறிய எழுத்தைத் தவறவிட்டுவிட்டான்.

மேல் படியிலிருந்த பெண் தன் மின்னஞ்சலை விட்டாள். ஒருவர் முழங்கால் வலியை விட்டார். இன்னொருத்தி தன் முன்னாள் கணவனை விட்டாள், எல்லோரும் சிரித்தார்கள். அல்பேர்ட் இறந்த மனைவியின் பியானோவை விட்டார். அது இன்னும் வரவேற்பறையில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறதாம். ராகவன், "ஸ்ட்ரெஸ்," என்றார். கவிசன் ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினான். இரவீந்திரன் தொப்பிக்குள் இருந்தார். என் முறை வந்தது.

நான் நோர்வேஜிய மொழியில் சொன்னேன். ஒரு சொல்லும் விடாமல், சத்தமாக, தொப்பி ஊடே கேட்கும்படி.

"என்னோடு வேலை செய்த குகதாசன் பதினொரு நாளுக்கு முன் ஹம்மர்பெஸ்டில் செத்துப்போனார். அதோ தொப்பியோடு இருப்பவர் அவருடைய அண்ணன். அவருக்கு இதுவரை யாரும் சொல்ல முடியவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் அவர் ஒரு தாளில் கையெழுத்து வைக்காவிட்டால் குகதாசனை நகரசபை எரிக்கும். எனக்கு வேறு இடம் கிடைக்கவில்லை. இதை இங்கே விட்டுவிடுகிறேன்."

கல்லில் தண்ணீர் சீறியது. நோராவின் துவாய் பாதியில் நின்றது.

நோர்வேஜியர்கள் பேருந்தில் அந்நியரோடு ஒரு சொல் பேசமாட்டார்கள். பக்கத்து வீட்டில் பத்து வருடம் இருந்தாலும் பெயர் கேட்கமாட்டார்கள். ஆனால் சாவு என்றால் அவர்களுக்கு ஒரு முறை இருக்கிறது, அதைத் தவறவிடமாட்டார்கள். அல்பேர்ட் தொப்பியைக் கழற்றினார். மற்ற ஏழு பேரும் கழற்றினார்கள். வியர்வை வழிய, அரை அம்மணமாக, ஒருவர் பின் ஒருவராக இரவீந்திரனைப் பார்த்து "கொண்டொலேரர்" என்றார்கள். ஆழ்ந்த அனுதாபம். மேல் படியிலிருந்து, கீழ் படியிலிருந்து, அடுப்புக்குப் பின்னாலிருந்து. எட்டுத் தடவை. அல்பேர்ட் எழுந்து வந்து கையை நீட்டினார். இரவீந்திரன் பழக்கதோஷத்தில் அதைப் பிடித்துக் குலுக்கிவிட்டார். பிறகுதான் என்ன செய்தோம் என்று விளங்கியிருக்க வேண்டும். கையைத் துடைத்தார்.

"உங்களை விட மூத்தவரா, இளையவரா?" என்று அல்பேர்ட் கேட்டார். உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்.

இரவீந்திரன் தொப்பியைக் கழற்றினார். "எனக்குச் சகோதரன் இல்லை," என்றார்.

இந்த நாட்டில் முப்பத்தாறு வருடமாக அவர் பேசிய நோர்வேஜியனை அவருடைய பிள்ளைகளே திருத்துவார்களாம். இந்த ஒரு வாக்கியம் மட்டும் சுத்தமாக வந்தது.

"அப்படியென்றால் மன்னிக்க வேண்டும்," என்று அல்பேர்ட் சொல்லி, தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு தன் இடத்துக்குப் போனார். மற்றவர்களும் போட்டுக்கொண்டார்கள். பன்னிரண்டு நிமிடத்தில் இன்னும் மூன்று மிச்சம் இருந்தது. ஒருவரும் எழும்பவில்லை. சடங்கை இடையில் குழப்பக்கூடாது அல்லவா.

வெளியே கடலைப் பார்த்த மரத்தளத்தில்தான் மெதுவாகப் பேச அனுமதி. ராகவன் துவாயால் தலையைத் துடைத்துக்கொண்டு மாமனாருக்கு முன்னால் வந்து நின்றார்.

"அங்கிள், ஒரு நிமிஷம்."

"அவர் வேறை ஆரையோ சொல்லுறார் ராகவன் அண்ணா," என்றான் கவிசன். "உந்தச் சூட்டிலை ஆக்களுக்கு என்ன சொல்லுறதெண்டு விளங்காது."

"கவி, நான் நார்வேஜியன் பி-டூ எக்ஸாம் பாஸ் பண்ணிட்டேன். தம்பிங்கிறதும் செத்துட்டாருங்கிறதும் முதல் வாரப் பாடம்." ராகவன் இரவீந்திரனிடம் திரும்பினார். "ஜாதகம் பார்க்க வந்தப்ப நீங்கதானே சொன்னீங்க, தம்பி ஒருத்தர் ஹம்மர்பெஸ்ட்ல இருக்கார்னு. அவர்தானா?"

இரவீந்திரனுடைய கால்களுக்குக் கீழே மரப்பலகையில் தண்ணீர் சொட்டியது. மகளுடைய கலியாணம் அந்த இடத்தில், ஒரு கோயம்புத்தூர்ப் பையனின் வாயில் நின்றது. எனக்கு அவர்மேல் கொஞ்சம் பரிதாபம் கூட வந்தது. அது நீண்ட நேரம் நிற்கவில்லை.

ராகவன் கடலைப் பார்த்தார். யோசித்தார். அவர் யோசிப்பது முகத்தில் தெரிந்தது, கணினியில் வட்டம் சுற்றுவது போல.

"எங்கம்மா நாளைக்கு காலைல லேண்ட் ஆகுறாங்க," என்றார். "அவங்க காதுக்கு இது போச்சுன்னா, தீட்டு அது இதுன்னு கல்யாணத்தை நிறுத்திடுவாங்க. அப்புறம் நாள் பார்த்து, மண்டபம் பார்த்து, அடுத்த தை மாசம் ஆயிடும். தை மாசம் எங்க ப்ராஜெக்ட் கோ-லைவ். எனக்கு லீவே கிடைக்காது."

"மாப்பிள்ளை..." என்றார் இரவீந்திரன்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல அங்கிள். ஸ்டீம் சத்தம். சனிக்கிழமை வரைக்கும் எனக்கு எதுவும் கேக்காது."

கவிசன் தன்னையறியாமல் அவருடைய தோளில் தட்டினான். குடும்பத்துக்கு ஏற்ற மாப்பிள்ளை கிடைத்துவிட்டார். பொருத்தம் பத்தும் அந்த இடத்திலேயே பார்த்து முடிந்தது.

"ஆனா ஒண்ணு," என்று ராகவன் என்னைப் பார்த்தார். "ஏதோ பேப்பர் சைன் பண்ணணும்னீங்களே. அதைப் பண்ணிக் குடுத்துடுங்க அங்கிள். எதையும் பெண்டிங்ல வைக்காதீங்க. இவர் சும்மா விடுற ஆளாத் தெரியல. சனிக்கிழமை மண்டபத்துக்கே வந்து நிப்பார்."

"வாசிக்காமல் எப்பிடி வைக்கிறது மாப்பிள்ளை?"

"எல்லாரும் அப்படித்தான் வைக்கிறாங்க. டெர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸ் யார் படிக்கிறா? கடைசிக்குப் போய் ஓகே அழுத்துறோம்ல."

இரவீந்திரன் மகனைப் பார்த்தார். கவிசன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வாசிக்காட்டி அறிஞ்சதாகாது அப்பா," என்றான். ஐயரிடம் கேட்டுவிட்டுச் சொல்வது போலச் சொன்னான்.

உடுப்பு மாற்றும் அறையில் நடந்தது இது. இரவீந்திரன் முழுக்காற்சட்டை போட்டு, சேட்டின் பொத்தான்களை மேலே வரை பூட்டி, பெல்ட்டையும் இறுக்கினார். பிறகு வாங்கில் உட்கார்ந்து முகத்தைக் கூரைக்கு உயர்த்தினார். நான் பிளாஸ்டிக் உறையிலிருந்து தாளை எடுத்து அவருடைய மடியில், ஒரு துவாய்க்கு மேல் வைத்தேன். பேனாவைக் கையில் கொடுத்தேன். கவிசன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான். செத்தவர் அவனுக்குச் சித்தப்பா. அவனும் வாசிக்கக்கூடாது. ராகவன் தலைமயிர் உலர்த்தும் இயந்திரத்தைப் போட்டுவிட்டு அதன் கீழே நின்றார்.

"அண்ணை, ரெண்டு கட்டம் இருக்கு. கீழ் கட்டத்திலை ஒரு புள்ளடி. அதுக்குக் கீழை கையெழுத்து."

"எனக்கு ஒண்டும் சொல்ல வேண்டாம் தம்பி. கையை எங்கை வைக்கிறதெண்டு மட்டும் காட்டும்."

நான் அவருடைய விரலைப் பிடித்து கீழ் கட்டத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். செத்த வீட்டிலிருந்து வந்த கை. தானே தடவிப் பார்த்து, கூரையிலிருந்த விளக்கைப் பார்த்தபடி பேனாவை அழுத்தினார். இரண்டு கோடு. பிறகு கீழே தடவி வந்து கையெழுத்து. இருபத்தெட்டு வருடம் பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வைத்த கை. தாளைக் கவிழ்த்து என்னிடம் நீட்டினார்.

நான் அதைக் கவிழ்த்தபடியே உறைக்குள் போட்டேன். என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். மாலை விமானத்தில் திரும்பிப் போகலாம், சோபா தேவையில்லை. அவர் சொன்னது பெரிய பொய்தான். அதை அவரும் எட்டு நோர்வேஜியர்களும் சுமந்துகொள்ளட்டும். குகதாசனுக்கு ஆறு பேர் இருக்கிறார்கள், அரைத் தேவாரம் இருக்கிறது.

இரவீந்திரன் எழுந்து தலை சீவினார். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். குரலில் கொஞ்சம் கனிவு கூட இருந்தது.

"தம்பி, சனிக்கிழமை கலியாணத்துக்கு உங்களுக்குச் சொல்ல ஏலாமல் கிடக்கு. கோவிக்காதையுங்கோ. உங்களுக்குத் துடக்கெல்லோ."

"எனக்கோ?"

"அங்கை ஒரே வீட்டிலை இருந்தனீங்கள் எல்லோ. எல்லாத்தையும் தொட்டுத் தூக்கியிருப்பீங்கள்."

"ஆரைத் தொட்டுத் தூக்கினனான் அண்ணை?"

சீப்பு நின்றது. அவர் சீப்பிலிருந்த மயிரை எடுத்துக் குப்பைக் கூடைக்குள் போட்டார். சீப்பைச் சட்டைப்பையில் செருகினார்.

"வாங்கோ மாப்பிள்ளை, நேரமாகுது," என்றார்.

மூன்று பேரும் சப்பாத்து மாட்டிக்கொண்டு நடைபாதையில் போனார்கள். வெளிவாசலில் ஒரு கண்ணாடிக் கதவு. நுழையும்போது கையில் கட்டிவிட்ட பட்டியைக் கழற்றி அங்கேயுள்ள துளைக்குள் போட்டால் அது ஒருமுறை திறக்கும். போனவர் திரும்பி வர முடியாது. ராகவன் போட்டார், போனார். கவிசன் போட்டான், போனான். இரவீந்திரனுக்குப் பட்டியின் கொளுவி கழலவில்லை. நின்று அதோடு மினக்கெட்டார். நோரா உதவிக்கு வந்தாள்.

நான் நடைபாதை தெரியும் வாங்கில் இருந்தபடி உறையைத் திருப்பினேன். நகரசபைக்கு அனுப்ப முன் பார்க்கத்தானே வேண்டும்.

கையெழுத்து சரியான இடத்தில் இருந்தது. புள்ளடி மேல் கட்டத்தில் இருந்தது. விளிம்பில் பட்டும் படாமலும் இல்லை. நட்ட நடுவில், இரண்டு கோடும் மூலைக்கு மூலை. நெருங்கிய உறவினரான நானே பொறுப்பேற்கிறேன். மேலே அச்சில் சி. குகதாசன். கீழே பேனாவில் சி. இரவீந்திரன். ஒரே தகப்பனின் அதே எழுத்து. இது இன்றைக்கே போனால் நாளைக்கு அவருடைய தொலைபேசி அடிக்கும். அவர் எடுக்காவிட்டால் மனைவியினுடையது அடிக்கும், பிறகு மகனுடையது. எந்தப் பெட்டி, எந்த நாள், யார் வருவார்கள், யார் பேசுவார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்த சம்பந்தியும் அப்போது வீட்டில் இருப்பார்.

பேனா என் கையில் இருந்தது. மேலே உள்ளதை வெட்டிக் கீழே ஒரு புள்ளடி போட்டு, பக்கத்தில் அவருடைய சுருக்கக் கையெழுத்தை வாங்கினால் போதும். அரை நிமிட வேலை. அவர் இன்னும் கதவடியில்தான் நின்றார். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும் தூரம்.

கீழ் கட்டத்துக்காகத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன். ஆனால் செத்தவர் என்னுடைய தம்பி இல்லை.

பேனாவை மூடினேன். நோரா கொளுவியைக் கழற்றிப் பட்டியை அவருக்காகத் துளைக்குள் போட்டாள். கதவு திறந்தது. இரவீந்திரன் அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு வெளியே காலை வைத்தார். அவருக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. பூட்டு விழுந்தது.